நடுவர் போட்ட மதிப்பெண்ணும் பிள்ளையின் மனசும்

கேள்வி இதுதான். தக்கலைப் பக்கம் பிளஸ் 1 படிக்கும் மகளுக்கு, நாகர்கோவிலில் நடந்த மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டியில் மூன்றாம் இடம். வெளியே வரும்போது மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தனித்தனியாக அவளிடம், "இன்னைக்கு நீதான் நல்லா பேசினே" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அழுகை கூடியிருக்கிறது. இனிமேல் மேடையே வேண்டாம் என்கிறாள். முறையிட வழி உண்டா, பிள்ளையிடம் என்ன பேசுவது, அடுத்த வருடம் அனுப்பலாமா என்று அம்மா கேட்கிறார்.

அந்த இரண்டு நடுவர்களும் முகஸ்துதிக்காகச் சொன்னார்கள் என்றோ, முடிவில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றோ உடனே நினைக்க வேண்டாம். இரண்டு பேர் முதலிடம் கொடுத்த பிள்ளை மொத்தத்தில் மூன்றாவதாக வருவது கணக்கிலேயே நடக்கும். நான்கு பிள்ளைகள், மூன்று நடுவர்கள், ஆளுக்கு நூறு மதிப்பெண் என்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நடுவர்: அ 78, ஆ 75, இ 76, ஈ 74
இரண்டாம் நடுவர்: அ 80, ஆ 77, இ 78, ஈ 76
மூன்றாம் நடுவர்: அ 62, ஆ 85, இ 70, ஈ 58
மொத்தம்: அ 220, ஆ 237, இ 224, ஈ 208

முதல் இரண்டு நடுவர்களுக்கும் 'அ'தான் முதலிடம். ஆனால் கூட்டினால் 'ஆ' முதல், 'இ' இரண்டாவது, 'அ' மூன்றாவது. காரணம், முதல் இருவரும் நான்கே மதிப்பெண் வித்தியாசத்துக்குள் எல்லாரையும் அடக்கிவிட்டார்கள். மூன்றாமவர் 58 முதல் 85 வரை தாராளமாக விரித்துப் போட்டார். கூட்டும்போது விரித்துப் போடுகிறவர் கைதான் ஓங்கும். மற்ற இருவரும் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதற்குச் சமம். இதே தாளில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு நடுவரும் கொடுத்த இடத்தைக் கூட்டிப் பாருங்கள்: அ 1+1+3 = 5, இ 2+2+2 = 6, ஆ 3+3+1 = 7. குறைந்த கூட்டுத்தொகைக்கு முதலிடம் என்றால் வரிசை அப்படியே தலைகீழ். நடுவர்கள் அதே ஆட்கள், பேச்சும் அதே பேச்சு, கூட்டும் முறை மட்டும்தான் வேறு.

இதில் யாருடைய நேர்மையிலும் குறை இல்லை. மூன்றாமவர் கெட்டவரும் இல்லை, ஒருவேளை அவர்தான் ஊன்றிக் கேட்டவராகக்கூட இருக்கலாம். குறை, போட்டி தொடங்கும் முன் நடுவர்களை ஒன்றாக உட்காரவைத்து "சராசரிப் பேச்சுக்கு 60, மிக நல்ல பேச்சுக்கு 85" என்று ஓர் அளவு பேசிக்கொள்ளாததில் இருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் பல போட்டிகளில் நடுவர் வந்து சேர்வதே முதல் பிள்ளை மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. அளவு பேச எங்கே நேரம்?

அடுத்தது சீட்டுக் குலுக்கலில் வந்த எண். முதல் எண் எடுத்த பிள்ளைக்குப் பெரும்பாலான நடுவர்கள் நடுவாந்தரமாகத்தான் போடுவார்கள். பின்னால் இதைவிட நல்ல பேச்சு வந்தால் இடம் வேண்டுமே என்ற எண்ணம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய எண்களுக்கும் ஒரு சோர்வு உண்டு. இது ஊர்ப் பேச்சு மட்டும் அல்ல. பெல்ஜியத்தில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில், இறுதிச் சுற்றில் யார் எந்த நாள் வாசிப்பது என்பதைக் குலுக்கலில்தான் தீர்மானிக்கிறார்கள். அதன் முடிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரை, முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்குவதையும் பிந்தைய நாட்களில் வாசித்தவர்கள் முன்னுக்கு வருவதையும் காட்டியது. உலகத் தரமான நடுவர்களுக்கே அந்தக் கதி.

எழுத்துத் தாளிலும் இதேதான். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களின் பிரதிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை விழுந்தது, இன்னொரு தாளுக்கு 50 முதல் 98 வரை. மொழிப்பாடம் என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டு கணக்குத் தாளையே அனுப்பினார்கள். அதில் வித்தியாசம் இன்னும் கூடியது. 1930களில் இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் 15 வரலாற்று விடைத்தாள்களை 14 பேரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் திரும்பக் கொடுத்தார்கள். 210 முடிவுகளில் 92 மாறிப்போனது. அதாவது அந்த நடுவர் தன்னோடுதானே ஒத்துப்போகவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் விலக்கு கிடையாது. 2014இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில், வந்த கட்டுரைகளில் 166ஐ இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் இரு குழுவும் முரண்பட்டன. ஒரு குழு ஏற்றுக்கொண்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளிவிட்டது.

இவற்றைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாம் குலுக்கல்தான்" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த மாநாட்டுச் சோதனை காட்டுவது இன்னொன்றும் உண்டு: மிக மோசமானது எது என்பதில் நடுவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள், தடுமாற்றம் மேல்வரிசையில் நெருங்கி நிற்பவர்களுக்குள்தான் அதிகம். மாவட்ட அளவில் மூன்றாவது வந்தவள் அந்த மேல்வரிசையில் இருக்கிறாள் என்பது திடமான தகவல். அந்த வரிசைக்குள் அவள் ஒன்றா, மூன்றா என்பது அவ்வளவு திடம் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். மேலே உள்ள கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இனி முறையிடும் விஷயம். போட்டி முடிவில் மூன்று வகைக் குறை இருக்கலாம். கூட்டல் பிழை, நேரம் மீறியதற்கான மதிப்பெண் கழிவைத் தவறான பிள்ளைக்குப் போட்டது, எண் மாறிப் பதிவானது போன்றவை பதிவுப் பிழைகள். நடுவரின் சொந்தப் பிள்ளையோ அவர் பயிற்சி கொடுத்த பிள்ளையோ போட்டியில் இருந்தது, தலைப்பை முன்கூட்டி ஒரு பள்ளிக்குச் சொன்னது, அறிவித்த நேர வரம்பை ஒருவருக்கு மட்டும் தளர்த்தியது ஆகியவை விதிமீறல். மூன்றாவது, "எனக்க பிள்ளதான் நல்லா பேசினா" என்பது. முதல் இரண்டுக்கும் முறையிடலாம், முறையிடவும் வேண்டும். மூன்றாவதற்கு நம் போட்டிகளில் பொதுவாக வழி இல்லை. வழி இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எல்லை தாண்டிய கேரளத்தில் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் மேல்முறையீட்டுக்கு முறையான ஏற்பாடு உண்டு. அங்கே மேல்முறையீட்டில் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் போட்டி நேரம் நீண்டு நள்ளிரவைத் தாண்டுவது வாடிக்கையான புகார். அதைவிட அவர்களிடம் எடுத்துக்கொள்ளத் தக்கது கிரேடு முறை. 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்த எல்லாருக்கும் ஏ கிரேடு, பள்ளிக்கு 5 புள்ளி. நெருங்கி நிற்கும் பிள்ளைகளைக் கழுத்தைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்தும் கட்டாயம் அதில் குறைவு.

பதிவுப் பிழை என்ற சந்தேகம் இருந்தால் அன்றைக்கே, பரிசளிப்புக்கு முன்பே, பொறுப்பாசிரியர் மூலம் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டும். பெற்றோர் நேரே நடுவர் மேசைக்குப் போனால் காரியம் கெடும். பரிசு கொடுத்த பிறகு திருத்துவதற்கு எந்த அலுவலருக்கும் மனம் வராது. நாள் கடந்துவிட்டது, நடத்தியது அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். "ஏன் எனக்க மகளுக்கு முதல் பரிசு தரவில்லை" என்று எழுதினால் பதில் வராது, ஏனென்றால் காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது. "இந்தத் தேதியில் நடந்த பேச்சுப் போட்டியில் இந்த எண்ணுக்கு ஒவ்வொரு நடுவரும் பிரிவுவாரியாக வழங்கிய மதிப்பெண் பட்டியலின் நகல், மதிப்பீட்டு விதிகளின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். நடுவர் பெயரை மறைத்துத் தருவார்கள், அது சரிதான். சங்கம், கிளப், கோயில் விழாக் குழு நடத்தும் போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் பரிசு மாறாது. அதன் பயன் வேறு. எந்த நடுவர், எந்தப் பிரிவில் குறைத்தார் என்று தெரிந்தால் வேலை செய்ய ஒரு பிடி கிடைக்கும். தகவல் சட்டம் வரை போக வேண்டாம் என்றால், மகளே ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி எழுதட்டும். இப்படி: "மதிப்பிற்குரிய ஐயா, மாவட்டப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றேன். வாய்ப்புக்கு நன்றி. முடிவு குறித்து எனக்கு முறையீடு இல்லை. அடுத்த முறை மேம்படுத்திக்கொள்ள, கருத்து, மொழி, உச்சரிப்பு, வெளிப்பாடு, நேரம் ஆகியவற்றில் எதில் எனக்கு மிகக் குறைவாக வந்தது என்று மட்டும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்." முறையீடு இல்லை என்ற வரி முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதத்தைப் பார்த்ததும் வம்பு என்று மடித்து வைத்துவிடுவார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்ற பதிலுக்கு இடம் கொடுக்காமல், ஒரே ஒரு குறையைக் கேட்பதும் அதற்காகத்தான்.

அந்த நடுவர் மேல் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது, ஃபேஸ்புக்கில் பதிவு போடுவது, இரண்டு நடுவர்கள் தனியாகச் சொன்னதைச் சாட்சியாக இழுப்பது எதுவும் வேண்டாம். இந்த மாவட்டம் சின்னது. அகஸ்தீஸ்வரத்திலிருந்து விளவங்கோடு வரை மேடைத் தமிழ் பேசுகிற, போட்டிக்கு நடுவராகப் போகிற ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அன்பாக இரண்டு சொல் சொன்னவரைச் சிக்கலில் மாட்டிவிட்டால் அடுத்த பிள்ளையிடம் அவர் வாய் திறக்க மாட்டார். (போட்டி முடிந்ததும் நடுவர் தனியாகப் போய் "நீதான்" என்று சொல்வது நல்ல பழக்கமே இல்லை. ஆறுதல் என்று நினைத்து முள்ளைக் குத்திவிட்டுப் போகிறார்கள்.)

இப்போது பிள்ளை. முதல் இரண்டு நாள் விளக்கம் எதுவும் எடுபடாது. கணக்கும் வேண்டாம், ஆறுதலும் குறைவாகப் போதும். "செரி மக்களே, வருத்தமாத்தான் இருக்கும். இப்ப சாப்பிடு, சொல்லணும்னு தோணும்போது சொல்லு" என்ற அளவு போதும். வழக்கமான நேரத்தில் தூக்கம், சாப்பாடு, மறுநாள் பள்ளிக்கூடம். விடுப்பு எடுத்து வீட்டில் படுத்தால் அதே காட்சி மனதில் நூறு தடவை ஓடும்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று வகைப் பேச்சு வரும், மூன்றுமே வேலையைக் கெடுக்கும். "நடுவருக்குக் கண்ணில்லை, எல்லாம் சிபாரிசு" என்றால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அடுத்த போட்டிக்கு உழைத்து என்ன பயன் என்ற முடிவுக்குத்தான் பிள்ளை வரும். "மூணாவது வந்ததே பெரிய விஷயம்" என்று உடனே சொன்னால் அவள் வருத்தத்துக்கு வீட்டில் இடமில்லை என்று ஆகும். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பாரு, எப்படிப் பேசினா" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் ஒரு வேலை கொடுக்கலாம். பதினைந்து இருபது நிமிடம், யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு, நடந்ததையும் மனதில் பட்டதையும் எழுதட்டும். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். மூன்று நான்கு நாள் தொடரட்டும். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986 முதல் சோதித்த முறை இது. எழுதும் அன்றைக்கு மனம் இன்னும் கனக்கும், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். எழுதத் தொடங்கிய நாலாம் நாள் அதே சம்பவத்தை "நான்" என்று இல்லாமல் "அவள்" என்று வைத்து, வேறொரு பிள்ளைக்கு நடந்ததுபோல் எழுதச் சொன்னால் பல பிள்ளைகளுக்குக் கோபம் சற்றுத் தள்ளி நின்று தெரியும்.

ஏன் இத்தனை வலி என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஆராய்ந்து 1995இல் வெளியான ஆய்வில், வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்கு மனம் தங்கத்தோடு ஒப்பிடுகிறது, வெண்கலக்காரருக்கு மேடையே ஏறாமல் போயிருப்பதோடு. அந்த இரண்டு நடுவர்கள் என்ன செய்துவிட்டார்கள் என்றால், வெண்கலம் வாங்கிய பிள்ளையை வெள்ளி வாங்கிய மனநிலைக்குத் தள்ளிவிட்டார்கள். இதை அவளிடம் சொல்லலாம், சொன்னால் தன்மேல் வரும் எரிச்சல் குறையும்.

இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தோழிகளோடு பேச்சு நின்றுவிட்டது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு போட்டியைத் தாண்டி எல்லாவற்றுக்கும் வருகிறது என்றால் அது போட்டி விஷயம் அல்ல. 14416 டெலிமனஸ் (அரசின் மனநல உதவி எண்), 104 மருத்துவ உதவி எண் இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாவது பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

மனம் ஆறிய பிறகு பேச்சைப் பார்க்கலாம். காணொளி இருந்தால் முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கை ஒரே இடத்தில் ஆடுகிறதா, கண் ஒரே நடுவரிடம் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அடுத்து படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். மாவட்டப் போட்டியில் அதிகம் மதிப்பெண் போவது நேரத்தில். ஐந்து நிமிடம் என்றால் மணியடிக்கும்போது முடிவுரை பாதியில் நிற்கும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல், ஆகவே மணிக்கு முன்பே முடிய, எழுத்தில் 430, 450 சொல்லைத் தாண்டக் கூடாது. மேற்கோள் இரண்டு போதும். ஆறு குறளை அடுக்கினால் மனப்பாடம் என்ற எண்ணம் நடுவருக்கு வந்துவிடும்.

கல்குளம், விளவங்கோடு தாலுகாப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். நம் பக்கத்தில் 'ழ' சுத்தமாக வரும், அதில் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் எடுக்கலாம். ஆனால் வாக்கியக் கடைசியில் குரல் மேலே ஏறி நிற்கும் இழுப்பு, 'எனக்க', 'அவனுக்க' (என்னுடைய, அவனுடைய) போன்ற வடிவங்கள் மேடைப் பேச்சில் நழுவி விழும்போது, வெளியூர் நடுவர் அதை உச்சரிப்புக் குறை என்று கழிப்பார். அது குறை அல்ல, அவர் காதுக்குப் பழக்கம் இல்லாதது. மாநிலப் போட்டியை நோக்கிப் போகிற பிள்ளை முடிவிழுப்பை மட்டும் கவனித்தால் போதும், வீட்டுப் பேச்சைத் திருத்தப் போக வேண்டாம். வில்லுப்பாட்டுப் போட்டியென்றால் அதே இழுப்பு பலம்.

அடுத்த வருடம் பிளஸ் 2 வரும்போது இதே மனநிலை தமிழ் விடைத்தாளிலும் வரும், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே முறையிட வழி தெளிவாக இருக்கிறது. மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் கட்டணம் பாடத்துக்கு 275 ரூபாய். நகல் வந்த பிறகு மறுகூட்டலுக்கு 205 (உயிரியலுக்கு 305), மறுமதிப்பீட்டுக்கு 505. கட்டணமும் கடைசித் தேதியும் அந்தந்த ஆண்டுத் தேர்வுத்துறை அறிவிப்பில் வரும், அவகாசம் சில நாட்கள்தான். நகல் வாங்காமல் இருந்துவிட்டு, பிறகு மறுமதிப்பீடு வேண்டும் என்று பள்ளியில் போய் நிற்பது வருடாவருடம் நடக்கும் தவறு. மறுமதிப்பீட்டுக்கு நகல் கட்டாயம்.

நகல் கையில் வந்ததும் முதலில் உள்ளே உள்ள மதிப்பெண்களை நீங்களே கூட்டி முகப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அடுத்து மதிப்பெண்ணே போடாமல் விடப்பட்ட விடை இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். கூடுதல் தாளில் எழுதிய கடைசி விடைதான் பெரும்பாலும் விடுபடும். மூன்றாவது, விடைக்குறிப்பில் உள்ள குறிப்புகள் எல்லாம் இருந்தும் குறைத்திருக்கிறார்களா என்பது. முதலாவதற்கு மறுகூட்டல் போதும். மற்ற இரண்டும் இருந்தால் மறுமதிப்பீடு. நெடுவினாவில் ஆறுக்கு நாலரை விழுந்திருக்கிறது, ஐந்து போட்டிருக்கலாம் என்பதற்காக மட்டும் 505 ரூபாய் கட்டாதீர்கள். அந்த அரை மதிப்பெண் இன்னொருவர் கையில் கூடும் என்ற உறுதி இல்லை, கீழேயும் போகலாம். தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உறுதி செய்தது. ஆனால் நீதிபதிகளே உட்கார்ந்து தாள் திருத்த மாட்டார்கள், விதியில் இல்லாத மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்பதையும் அதே நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

கதை, கவிதைப் போட்டிகளுக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஏனென்றால் அங்கே விளக்கமே தர மாட்டார்கள். ஒரு நோட்டில் படைப்பின் பெயர், அனுப்பிய இடம், தேதி, பதில் என்று நாலு கட்டம் போட்டு எழுதிவைத்தால் போதும். ஒரு கதை மூன்று இடங்களில் திரும்பி வந்த பிறகு திருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் திருத்தினால் ஒவ்வொரு நடுவர் ருசிக்கும் வளைந்து கதை எலும்பில்லாமல் போகும். மூன்று பேரும் ஒரே இடத்தைக் குறை சொன்னால் மட்டும் யோசிக்காமல் வெட்டுங்கள்.

பெரிய விருதுகளும் இதே போன்ற ஏற்பாடுதான். சாகித்ய அகாதெமியில் கடைசி முடிவு மூன்று நடுவர்கள் கையில், பெரும்பான்மை போதும். காலக் கெடுவும் உண்டு: 2024 விருதுக்கு 2018 முதல் 2022 வரை முதற்பதிப்பு வந்த நூல்கள்தான் கணக்கில் வரும். அந்த ஐந்து ஆண்டு சாளரம் மூடிவிட்டால் எவ்வளவு நல்ல புத்தகமும் வெளியேதான். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 1977இல் வந்தது, விருது 2010இல், அதுவும் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு. தோப்பில் முகமது மீரானுக்கு 1997, பொன்னீலனுக்கு 1994. நாகர்கோவிலில் இருந்து எழுதி ஒரு தலைமுறை எழுத்தாளர்களையே பாதித்த சுந்தர ராமசாமிக்கு 2005இல் அவர் மறையும் வரை அந்த விருது வரவேயில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் ஆறுதலாக இருக்குமா என்று தெரியாது, ஆனால் எழுத ஆசைப்படும் பிள்ளை என்றால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வருடம் அனுப்பலாமா என்பதற்கு: இப்போது கேட்க வேண்டாம். பெயர் கொடுக்கும் வாரம் வரும்போது ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இடையில் மேடை விட்டுப்போகாமல் இருக்க, பரிசு இல்லாத பேச்சு வாய்ப்புகள் இருக்கின்றன: பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டம், நூலக வாசகர் வட்டம், சர்ச் இளைஞர் கூட்டம், கோயில் விழா மேடை. மூன்று மாதத்தில் இரண்டு தடவை அப்படிப் பேசினால் போதும். வேறு தலைப்பில், மதிப்பெண் இல்லாமல். மீண்டும் போட்டிக்குப் போகும்போது முன்கூட்டியே விதித்தாளை வாங்கி, மொத்த மதிப்பெண்ணா, நடுவர்கள் கொடுத்த இடங்களின் கூட்டலா, நேரக் கழிவு எத்தனை என்று பொறுப்பாசிரியரைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். குலுக்கலில் ஒன்றாம் எண் விழுந்தால் முதல் முப்பது வினாடியில் வேகம் குறைத்துத் தொடங்க வேண்டும், நடுவர் அப்போதுதான் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பார்.